அத்தியாயம் 6: தெருவைப் பார்த்து எழுதாதீர்கள்
தொழிலாளர் கணக்கெடுப்பில் சமூகக் குழுவைப் பதிதல்

சிலப்பதிகாரம் புகார் நகரத்தை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. கடலோரத்து மருவூர்ப்பாக்கத்தில் மீன் விற்பவரும் உப்பு விற்பவரும் நெசவாளரும் கைவினைஞரும் இருக்கிறார்கள். பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் வணிகர் வீதியும் அந்தணர், உழவர் வீதிகளும் இருக்கின்றன. தெருவின் பெயரைச் சொன்னால் போதும், அங்கே குடியிருப்பவர் யார், என்ன தொழில் என்று தெரிந்துவிடும்.

இன்று பேருந்தை விட்டு இறங்கிப் பூம்புகார் கடற்கரைப் பக்கம் நடக்கும் கள ஆய்வாளருக்கும் அந்தப் பழைய ஊர் கண்ணில் படும். வலை காயும் இடத்தில் மீனவர் தெரு. உள்ளே திருவெண்காடு, மேலையூர் பக்கம் வயலுக்கு நடுவே குடியானத் தெரு, அதற்கு அப்பால் 'காலனி'. கையில் டேப்லெட், உச்சி வெயில், இன்னும் நான்கு வீடு பாக்கி. கேட்கச் சங்கடமான ஒரு கேள்விக்குத் தெருவே பதில் சொல்லிவிட்டதாகத் தோன்றும். இந்த அத்தியாயம் அந்த நேரத்துக்காகத்தான். தெரு சொல்லும் பதிலை எழுதாதீர்கள். வீட்டார் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள்.

அந்த ஒரு கட்டம்

காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு (களத்தில் எல்லோரும் 'பிஎல்எஃப்எஸ்' என்கிறோம்) 2017 ஏப்ரலில் தொடங்கியது. 2025 ஜனவரியிலிருந்து அதன் அமைப்பு மாறியது. தேர்வான ஒவ்வொரு கிராமத்திலும் நகரப் பகுதியிலும் 12 வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் அடுத்தடுத்த நான்கு மாதங்களில் நான்கு முறை போகிறோம். முன்பு நகரத்தில் மட்டும் இருந்த இந்த மறுவருகை இப்போது கிராமத்துக்கும் வந்துவிட்டது.

இந்தக் கணக்கெடுப்பில் 'இனம்' என்று தனிக் கேள்வி கிடையாது. பிரிட்டனின் தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரும் தாம் எந்த இனக்குழு என்று தாமே சொல்கிறார்கள். இலங்கையில் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், இலங்கைச் சோனகர் என்று பதிகிறார்கள். தமிழரை அப்படி இரண்டாகப் பிரித்து எண்ணும் வழக்கம் அங்கே 1911-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கிலேயே வந்துவிட்டது. நம் அட்டவணையில் அந்த இடத்தில் நிற்பவை இரண்டு கட்டங்கள். ஒன்று மதம். இன்னொன்று சமூகக் குழு. சமூகக் குழுவுக்கு நான்கே குறியீடுகள்: பழங்குடியினர் 1, பட்டியல் சாதியினர் 2, இதர பிற்படுத்தப்பட்டோர் 3, மற்றவர் 9. சாதியின் பெயருக்கு இடமே இல்லை.

இந்த நான்கில் 3 மற்றவற்றைவிடப் புதியது. தேசிய மாதிரி ஆய்வில் பிற்படுத்தப்பட்டோர் தனிக் குறியீடு பெற்றது 1999-2000-இல் நடந்த 55-ஆவது சுற்றில்தான். அதற்கு முன் கடற்கரை மீனவரான பட்டினவரும் பிராமணரும் ஒரே 'மற்றவர்' கட்டத்தில் கிடந்தார்கள். முழுச் சாதிக் கணக்கெடுப்பு வெளிவந்ததோ 1931-இல், அதுவே கடைசி. வரப்போகும் 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று 2025 ஏப்ரல் 30-இல் மத்திய அமைச்சரவையின் அரசியல் விவகாரக் குழு முடிவு செய்தது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கு தலையை எண்ணும். யாருக்கு வேலை கிடைக்கிறது, யாருக்கு மாதச் சம்பளம், யார் அன்றாடக் கூலி, யார் வேலை தேடிச் சோர்ந்துபோனார் என்பதை ஆண்டுதோறும் சமூகக் குழுவோடு சேர்த்துச் சொல்வது நம் அட்டவணைதான்.

அந்தக் கட்டத்தை நிரப்ப ஒரு நிமிடம் போதும். அதில் தவறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2011 கணக்கின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம், பழங்குடியினர் 1.1 சதவீதம். மாதிரியில் பழங்குடி வீடு வருவதே அபூர்வம். வந்த ஒரு வீட்டையும் நீங்கள் 3 என்று போட்டுவிட்டால், அந்தப் பக்கத்துப் பழங்குடியினரைப் பற்றி அந்த ஆண்டு எதுவுமே இல்லாமல் போய்விடும். ஒவ்வொரு மாதிரி வீடும் தன்னைப் போன்ற பல வீடுகளுக்காக நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

எப்படிக் கேட்பது

முதலில் கேட்காதீர்கள். வீட்டில் எத்தனை பேர், யார் யாருக்கு என்ன வயது, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று பேசி முடியுங்கள். பிள்ளை படிப்பைப் பற்றிப் பேசும்போது உதவித்தொகை, சாதிச் சான்றிதழ் என்று பேச்சு தானாக வரும். அப்போது கேட்டால் கேள்வி உறுத்தாது.

கேட்கும் விதமும் முக்கியம். "நீங்க என்ன சாதி?" என்று டெல்டா கிராமத்தில் ஓர் அந்நியன் கேட்டால் அதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. அந்தக் கேள்வி திண்ணையில் உட்காரலாமா, எந்தக் குவளையில் தண்ணீர் என்று தீர்மானித்த கேள்வி. 1968 டிசம்பர் 25-இல் 44 பேர் எரிந்த கீழவெண்மணி இங்கிருந்து தெற்கே, இதே காவிரிப் படுகையில்தான் இருக்கிறது. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தான் உங்களுக்குக் கதவைத் திறக்கிறார்கள். அதனால் பட்டியலைக் கேளுங்கள்: "அம்மா, அரசாங்கப் பட்டியல்ல உங்க குடும்பம் எதுல வருதுங்க? பிசியா, எம்பிசியா, எஸ்சியா, எஸ்டியா, எதுலயும் இல்லையா?" எல்லாப் பெயரையும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் சொல்லுங்கள். 'எஸ்சியா?' என்று மட்டும் கேட்பதும், அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவதும் அந்த வீட்டாரைக் காயப்படுத்தும்.

"எதுக்கு தம்பி இதெல்லாம்?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். உண்மையைச் சொல்லுங்கள்: "எந்தக் குடும்பத்துக்கு எப்படி வேலை கிடைக்குதுன்னு கணக்கு எடுக்கிறோம். உங்க பேரு எங்கயும் வெளியில போகாது. இதுனால எந்தச் சலுகை வர்றதும் இல்ல, போறதும் இல்ல." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சலுகை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பறிபோகும் என்ற பயமும் பதிலை வளைத்துவிடும். 2008-ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் தனிநபர் விவரத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. அதை நீங்களும் காக்க வேண்டும். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் சொல்வதும், "பக்கத்து வீட்டுக்காரங்களும் உங்க ஆளுங்கதானே?" என்று கேட்பதும் அந்தக் காப்பை உடைக்கும்.

சாதிச் சான்றிதழைக் காட்டச் சொல்லாதீர்கள். அவர்களே எடுத்து வந்தால் பாருங்கள். இல்லாதவர்களும் பட்டியலில் உள்ளவர்களே. சான்றிதழ் கிடைக்காமல் அலைபவர்களில் பலர் பழங்குடியினர் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டம் ஏமாற்றும்

டெல்டாவில் பெயருக்குப் பின் வரும் பட்டத்தை நம்பி எழுதியவர் தவறாமல் சறுக்குவார். 'பிள்ளை' என்ற பட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதசுரத்தைக் கேட்காத தமிழர் இல்லை. அவருடைய சமூகமான இசை வேளாளர் தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்த சோழிய வெள்ளாளர் பிற்படுத்தப்பட்டோர். கார்காத்தார் எந்தப் பட்டியலிலும் இல்லாத முற்பட்டோர். மூவரும் பிள்ளைமார்தான். முதல் இரண்டுக்கும் 3, மூன்றாவதற்கு 9.

கடற்கரையிலும் இதுவே கதை. பூம்புகார், வானகிரி, சின்னங்குடி, பழையாறு என்று நீளும் கரையில் பட்டினவர் பெரும்பான்மை. பெரிய பட்டினவர், சின்னப் பட்டினவர் என்ற பிரிவும் அங்கே உண்டு. அவர்களில் சிலர் தம்மை 'வருணகுல முதலி' என்று சொல்லிக்கொண்டதை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளிவந்த தம் தொகுப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார். 'முதலி' என்ற சொல் காதில் விழுந்ததும் காஞ்சிபுரத்து முதலியாரையோ ஆற்காட்டு முதலியாரையோ நினைத்து எழுதுபவர் தவறுவார். இங்கேயும் பட்டியலையே கேளுங்கள். "நாங்க மீனவங்க, எம்பிசி" என்று பளிச்சென்று பதில் வரும்.

இங்கே ஒரு குழப்பம். நம் ஊரில் பிசி, பிசி முஸ்லிம், எம்பிசி, சீர்மரபினர், எஸ்சி, எஸ்சி அருந்ததியர், எஸ்டி என்று பிரித்துப் பேசுகிறோம். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற தனிப் பிரிவு 1989-இலும், அருந்ததியருக்கான உள் ஒதுக்கீடு 2009-இலும் வந்தன. மத்திய அட்டவணைக்கு இந்தப் பிரிவுகள் தெரியாது. எம்பிசி என்றாலும் பிசி என்றாலும் சீர்மரபினர் என்றாலும் 3-தான். "எம்பிசின்னா தனி நம்பர் இல்லையா?" என்று வருத்தத்தோடு கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இல்லை என்று சொல்லிவிடுங்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஃபைபர் படகில் அலை உடைத்துப் போகும் பட்டினவரும் சீர்காழிக் கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் இன்னொரு பிற்படுத்தப்பட்டவரும் ஒரே எண்ணுக்குள் சராசரியாகக் கரைந்துபோகிறார்கள். இதைக் களத்தில் உங்களால் சரிசெய்ய முடியாது. 3-ஐத் தவிர வேறு எண்ணில் போட்டு 'சரிசெய்ய' முயலாமல் இருந்தாலே போதும்.

சமீபத்தில் மாறிய பெயர்கள்

பழைய கையேட்டை மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் இரண்டு இடங்களில் தவறுவார்.

முதலாவது தேவேந்திரகுல வேளாளர். தேவேந்திரகுலத்தான், கடையன், காலாடி, குடும்பன், பள்ளன், பண்ணாடி, வாதிரியான் என்ற ஏழு பெயர்களும் 2021-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இந்த ஒரே பெயரின்கீழ் வந்தன. நாற்று நட்டும் களம் அடித்தும் டெல்டாவின் நெல்லை விளைவித்த மக்கள் இவர்கள். பெயரில் 'வேளாளர்' என்று வருவதால் புதிய ஆய்வாளர் 3 என்றோ 9 என்றோ தட்டிவிடுகிறார். சட்டப்படி அவர்கள் இன்றும் பட்டியல் சாதியினர், எண் 2. ஆனால் அந்தப் பட்டியலிலிருந்தே வெளியேற வேண்டும் என்ற கோரிக்கையும் அவர்களுக்குள் இருக்கிறது. "எங்களை எஸ்சின்னு எழுதாதீங்க" என்று ஒருவர் சொன்னால் வாதாடாதீர்கள், சிரித்து மழுப்பவும் செய்யாதீர்கள். அவர் சொன்ன பெயரை அப்படியே குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். "ஐயா, உங்க பேரு நீங்க சொன்னபடியே இருக்கும். பட்டியல் எதுன்னு மட்டும்தான் இந்த நம்பர்" என்று விளக்கிவிட்டு, அவர் ஒப்புக்கொள்ளும் விடையை எடுங்கள். ஒப்பவில்லையென்றால் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோங்கள். உங்கள் இஷ்டத்துக்கு முடிவு செய்யாதீர்கள்.

இரண்டாவது நரிக்குறவர். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்த நரிக்குறவரையும் குருவிக்காரரையும் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. வீட்டில் இருக்கும் பழைய சான்றிதழில் எம்பிசி என்றிருக்கும். அதைப் பார்த்து 3 போட்டுவிட்டால், பல பத்தாண்டுகள் போராடிப் பெற்ற இடத்தை நம் டேப்லெட் மறுபடியும் பறித்துக்கொள்ளும். இன்று அவர்களுக்கு எண் 1. பாசிமணி விற்கத் திருவிழாதோறும் போகிறவர்கள் என்பதால் நீங்கள் போகும் நாளில் வீடு பூட்டியிருக்கலாம். 'ஆள் இல்லை' என்று முடிக்காமல் திரும்பிப் போங்கள்.

மதமும் குழுவும் முட்டும் இடம்

தரங்கம்பாடியில் 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கிய நாளிலிருந்து இந்தக் கரையில் கிறித்தவக் குடும்பங்கள் உண்டு. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களுக்கென்று வகுக்கப்பட்டது. சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் இன்றுவரை சேரவில்லை. மதம் மாறிய பட்டியல் சாதியினரைத் தமிழ்நாடு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. அதனால் அதே காலனியில், அடுத்தடுத்த வீட்டில், ஒரே வயலுக்குக் கூலிக்குப் போகும் அண்ணன் 2 என்றும் தம்பி 3 என்றும் வரக்கூடும்.

வீட்டாரோ "எஸ்சிதான் தம்பி, சர்ச்சுக்குப் போறோம்" என்பார்கள். சிலர் இதைத் 'தவறான பதில்' என்று எண்ணித் தாமே 3 ஆக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. சான்றிதழ் வழங்குவது வட்டாட்சியர் வேலை. நீங்கள் வந்தது அந்தக் குடும்பம் தன்னை எங்கே வைத்துப் பார்க்கிறது என்று கேட்க. மதத்தைக் கிறித்தவம் என்றும் குழுவை அவர்கள் சொன்னபடியும் எழுதி, குறிப்பில் ஒரு வரி சேருங்கள். 2004-05-இன் 61-ஆவது சுற்றில் கிறித்தவர்களில் சுமார் 9 சதவீதத்தினர் தம்மைப் பட்டியல் சாதி என்று சொன்னதை 2006-இல் வந்த சச்சார் குழு அறிக்கை எடுத்துக் காட்டியது. சட்டத்தில் இல்லாத அந்த மக்கள் ஒரு தேசிய ஆவணத்தில் தென்பட்டார்களே, அதற்குக் காரணம் யாரோ சில ஆய்வாளர்கள் கேட்டதைக் கேட்டபடி எழுதியதுதான்.

குடும்பத் தலைவர் யார்?

பிரிட்டனில் ஆளுக்கு ஆள் கேட்பதை நாம் வீட்டுக்கு ஒருமுறை கேட்கிறோம். வீட்டில் வெவ்வேறு குழுவினர் இருந்தால் தலைவரின் குழுவே வீட்டின் குழு. மதத்துக்கும் இதே விதி. கலப்புமணம் செய்த வீட்டில் இது நேரடியாகப் பாதிக்கும். மருமகள் பட்டியல் சாதி, மாமனார் பிற்படுத்தப்பட்டவர் என்றால் அவள் வேலை, அவள் கூலி எல்லாம் 3-இன் கணக்கில் சேரும். விதி அதுதான், அதை மாற்றும் அதிகாரம் நமக்கில்லை. ஆனால் தலைவர் யார் என்பதை வீட்டார் சொல்ல வேண்டும். வாசலில் சட்டை போட்டுக்கொண்டு நிற்பதால் ஒருவர் தலைவராகிவிட மாட்டார். கணவன் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அவர் இந்த வீட்டின் உறுப்பினரே அல்ல. அங்கே பெரும்பாலும் பெண்தான் தலைவர். "வீட்டுல ஆம்பள இல்லீங்க" என்று அவள் தயங்கினாலும், "நீங்கதானே எல்லாம் பாக்குறீங்க?" என்று கேட்டு அவளையே எழுதுங்கள்.

நடவுக்கு வரும் வடமாநிலத்தவர் வேறு வகை. குறுவை, சம்பா நடவில் இப்போது அவர்களை டெல்டாவில் நிறையவே பார்க்கிறோம். பட்டியல் சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டுப் பட்டியலில் அந்தச் சாதியைத் தேடி, இல்லையென்று 9 போடாதீர்கள். அவர்கள் ஊரில் எதில் வருகிறோம் என்கிறார்களோ அதை எழுதுங்கள். மொழி தெரியாவிட்டால் மேஸ்திரியிடம் கேட்டு முடிப்பது எளிது. ஆனால் மேஸ்திரிக்கு முன்னால் சாதியைச் சொல்ல வைப்பது தவறு. அவர்களிலேயே தமிழ் பழகிய ஒருவரைத் தேடுங்கள்.

குழுவுக்குப் பக்கத்தில் வேலை

சமூகக் குழுவைச் சரியாக எழுதி, வேலையைத் தவறாக எழுதினால் இரண்டும் வீண். ஆண்டறிக்கையில் இவை ஒன்றோடொன்று சேர்த்தே அட்டவணையாக வருகின்றன. மீனவர் தெருவில் இது தினமும் நடக்கிறது. படகு கரை சேர்ந்ததும் ஏலம் எடுத்து, கூடையோடு திருவெண்காட்டுக்கும் சீர்காழிக்கும் போகும் பெண்ணிடம் "வேலை பாக்குறீங்களா?" என்று கேட்டால், "வீட்டுலதான் இருக்கேன்" என்பாள். வேலைநிலைக் குறியீடு 92, வீட்டு வேலை என்று போய்விடும். "நேத்து என்ன பண்ணீங்க? முந்தா நாள்?" என்று நாள் நாளாகக் கேளுங்கள். கடந்த ஏழு நாளில் எந்த நாளாவது ஒரு மணி நேரம் மீன் விற்றிருந்தால் அந்த வாரம் அவள் வேலை செய்தவள். தனக்காக விற்றால் 11. கணவன் வலைக்குக் கூலியில்லாமல் மீன் பிரித்து, கருவாடு காயவைத்தால் 21.

காலத்தையும் கவனியுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஏப்ரல் கடைசியில் முதல் வருகை அமைந்தால் கடலுக்குப் போகாத மனிதரைத்தான் நீங்கள் பார்ப்பீர்கள். அந்த வாரம் அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள். வலை பின்னினாரா, படகுக்கு வர்ணம் அடித்தாரா, நூறு நாள் வேலைக்குப் போனாரா, திருப்பூருக்குக் கிளம்பிவிட்டாரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "தடைக்காலம்தானே" என்று எல்லோருக்கும் ஒரே குறியீடு போட்டுவிட்டால் அந்த இரண்டு மாதத்தின் பாடு முழுவதும் அழிந்துவிடும்.

மறுபடியும் அதே வாசல்

ஜூலையில் நான்காவது வருகைக்குப் போகும்போது அந்த அம்மாவே காத்திருப்பார். பேச்சும் எளிதாகிவிட்டிருக்கும். அப்போதுதான் சில சமயம், "அன்னிக்கு எம்பிசின்னு சொன்னேன்ல தம்பி, உண்மையில நாங்க வேற" என்று தாழ்ந்த குரலில் சொல்வார்கள். முதல் நாளில் அடுத்த வீட்டுக்காரி பக்கத்தில் நின்றிருப்பாள், அல்லது உங்களை நம்பத் தயங்கியிருப்பார்கள். "அப்ப ஏன் மாத்திச் சொன்னீங்க?" என்று கேட்காதீர்கள். டேப்லெட்டில் முதல் வருகையின் விடை மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தால், புதிய விடையைத் தேதியோடு குறிப்பில் எழுதி, அன்று மாலையே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். அவர் கொடுக்கும் மோரை வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போங்கள்.